தகப்பன் பாட்டை எழுதி வைத்த மகள்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஒரு பதிலின் நடுவே, மெக்சிகோவிலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன பெடரிகோ ரோன்ஸ்டாட் என்பவரையும், அவர் வீட்டில் பாடிய பாடல்களை அவருடைய மகள் எழுதி வைத்ததையும் நான்கு வரிகளில் குறிப்பிட்டிருந்தேன். இந்தப் பகுதிக்கு வழக்கமாக வரும் கடிதங்களைவிட அந்த நான்கு வரிகளுக்கு வந்த கடிதங்கள் மிகுதி. பெரும்பாலானவை மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள நம் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிய பெற்றோருக்குப் பிறந்தவர்கள் எழுதியவை. ஆகவே, இம்முறை மற்றக் கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு இந்த ஒரு பொருளுக்கே பக்கங்களைத் தருகிறேன்.

கேள்வி: பெடரிகோ ரோன்ஸ்டாட் யார்? அவர் இசைக் கலைஞரா, தொழிலாளியா? எதற்காக ஊரை விட்டுப் போனார்? விரிவாகச் சொல்லுங்கள் ஐயா.
– ஓய்வு பெற்ற தபால் ஊழியர், சுங்கை சிப்புட்

பதில்: அவர் தொழிலால் வண்டி செய்பவர். வயிற்றுப்பாட்டுக்காக அவர் இசையை நம்பியிருக்கவில்லை. ஆனால் இசையை விட்டு ஒரு நாளும் இருந்ததில்லை. அவரை நான் விரும்புவதற்கு முதற்காரணம் இதுதான்.

பெடரிகோ 1868ஆம் ஆண்டில், மெக்சிகோவின் வடமேற்கிலுள்ள சொனோரா மாநிலத்தில் பிறந்தார். தந்தையார் ஜெர்மனியின் ஹானோவரிலிருந்து மெக்சிகோவுக்கு வந்து, அந்நாட்டுப் பெண்ணை மணந்து, அங்கேயே நிலைத்துவிட்ட பொறியாளர். ஊர் விட்டு ஊர் வந்து வேர் பிடிப்பது ஒரு தலைமுறைக்கு முன்பே அக்குடும்பத்துக்குப் பழகிய ஒன்று. 1882இல், 14 வயதில், பெடரிகோ வடக்கே அரிசோனாவின் டூசான் நகருக்குத் தொழில் பழக அனுப்பப்பட்டார். டூசான் 1850களின் நடுப்பகுதி வரை மெக்சிகோவைச் சேர்ந்த ஊர். அமெரிக்கா அந்த நிலப்பகுதியை விலைக்கு வாங்கிய பின்னும் கடைத்தெருவிலும் கோயிலிலும் ஸ்பானிஷ் மொழிதான் கேட்டுக்கொண்டிருந்தது. 1880இல் அங்கே ரயில் வந்து சேர்ந்தது. சிறுவன் பெடரிகோ போய்ச் சேர்ந்தபோது, ரயிலோடு வந்த புதிய பணமும் புதிய மனிதர்களும் அந்தப் பழைய ஊரை மாற்றத் தொடங்கியிருந்தார்கள்.

அங்கே ஒரு வண்டிப் பட்டறையில் கொல்லு வேலையும் சக்கர வேலையும் கற்றார். மாட்டு வண்டி பார்த்து வளர்ந்த நம் பெரியவர்களுக்கு அந்த வேலையின் நுட்பத்தை விளக்க வேண்டியதில்லை. குடத்தில் ஆரக்காலைச் செருகி, வட்டையைப் பூட்டி, இரும்புப் பட்டாவை நெருப்பில் காய்ச்சி, அது விரிந்திருக்கும் நொடியில் சக்கரத்தின் மேல் மாட்டித் தண்ணீரை ஊற்ற வேண்டும். குளிர்ந்து சுருங்கும் இரும்பு மரத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பட்டாவின் அளவு சற்றே கூடினால் கழன்றுவிடும், சற்றே குறைந்தால் ஆரக்கால் வளைந்துவிடும். சில ஆண்டுகளில் பெடரிகோ சொந்தப் பட்டறை வைத்தார். அங்கே செய்த வண்டிகள் அவர் விட்டு வந்த சொனோராவுக்கே விற்பனைக்குப் போயின. பிற்காலத்தில் மோட்டார் வாகனங்கள் வந்து வண்டித் தொழில் மங்கியபோது, அந்த நிறுவனம் இரும்புச் சாமான்களும் விவசாயக் கருவிகளும் விற்கும் பெரிய கடையாக நிலைத்தது.

பட்டறை தலையெடுத்த அதே ஆண்டுகளில், 1880களின் இறுதியில், டூசானில் வாழ்ந்த மெக்சிகோக்காரர்களைச் சேர்த்து 'கிளுப் பிலார்மோனிகோ துக்சோனென்சே' என்ற வாத்தியக் குழுவை அவர் அமைத்தார். டூசான் இசை மன்றம் என்பதே அதன் பொருள். பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள் மாலையில் ஒன்றுகூடிப் பயின்று, ஊர்த் திருவிழாவிலும் பொது மேடையிலும் வாசித்தார்கள். குழுவை நடத்தியவர் அவரே. 1896இல் அக்குழு தென் கலிபோர்னியா வரை சென்று வாசித்துத் திரும்பியது. சம்பளத்துக்கு வாசிக்காத ஒரு சிறுநகரக் குழுவுக்கு, பாலைவனத்தைக் கடந்த அந்தப் பயணம் சிறிய செய்தி அன்று. எந்தக் கையால் சம்மட்டி பிடித்தாரோ அந்தக் கையாலேயே அவர் குழுவுக்குத் தாளமும் காட்டினார் என்பதை நினைக்கும்போதெல்லாம், நம் தோட்டத்து மேடைகளில் காலையில் கத்தி பிடித்த கையோடு மாலையில் ஆர்மோனியம் வாசித்தவர்கள் என் கண்முன் வருகிறார்கள்.

வீட்டிலும் அவர் பாடினார். சொனோராவில் சிறுவயதில் கேட்ட பழைய ஸ்பானிஷ் பாடல்களைப் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுத்தார். 1892இல் பிறந்த அவருடைய மகள் லூயிசா, 'லூயிசா எஸ்பினெல்' என்ற மேடைப் பெயரில் ஸ்பானிஷ் நாட்டுப்புறப் பாடல்களைப் பாடிப் புகழ் பெற்றார். தகப்பனிடம் கேட்ட பாடல்களை அவர் மெட்டோடும் சொல்லோடும் தொகுத்து, 'என் தந்தையின் பாடல்கள்' என்று பொருள்படும் 'கான்சியோனெஸ் தே மி பாத்ரே' என்ற தலைப்பில், அரிசோனா பல்கலைக்கழகத்தின் வெளியீடாக 1946இல் கொண்டுவந்தார். பெடரிகோவுக்கு அப்போது வயது 78. அவர் 1954 வரை வாழ்ந்தார். தாம் வாய்மொழியாகப் பாடிய பாடல்களை அச்சில் பார்க்கும் பேறு அந்தப் பெரியவருக்கு உயிரோடு இருக்கும்போதே வாய்த்தது. கண் மூடிய பிறகு மலர் வெளியிடும் வழக்கம் நம்மிடம் மிகுதி. லூயிசா தகப்பன் கண் முன்னாலேயே அதைச் செய்து முடித்தார்.

கேள்வி: நீங்கள் சொல்பவர் பட்டறை முதலாளி ஆகிவிட்டவர். முதலாளி வீட்டில் பாட்டு இருப்பதில் என்ன அதிசயம்? வயலில் கூலி வேலை செய்த மெக்சிகோத் தகப்பன்களுக்குப் பாட்டு இருந்ததா? என் தகப்பனார் 40 ஆண்டுகள் மங்கும் வாளியும் தூக்கியவர். அவர் பாடிக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.
– முன்னாள் தோட்டத் தொழிலாளி, சாலாக்

பதில்: உங்கள் கேள்வியின் நியாயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஒரு மனிதர் பட்டறை வைத்து முன்னுக்கு வந்ததனால் மட்டும் அவருடைய பாட்டு உயர்ந்ததாகிவிடாது. ஆகவே இன்னொருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

பெத்ரோ கொன்சாலெஸ் என்பவர் 1895இல் மெக்சிகோவின் சிவாவா மாநிலத்தில் பிறந்தவர். மெக்சிகோப் புரட்சியின்போது, புரட்சித் தலைவர்களுள் ஒருவரான பாஞ்சோ வில்லாவின் படையில் தந்தி அடிப்பவராக இருந்தார். 1920களில் லாஸ் ஏஞ்சலிசுக்கு வந்து, துறைமுகத்தில் மூட்டை இறக்கும் கூலியானார். நல்ல குரல் வளம் உள்ளவர். அந்நகர வானொலியில் ஸ்பானிஷ் மொழிக்கு முதன்முதலில் இடம் பிடித்தவர்களுள் அவர் ஒருவர். அவருடைய நிகழ்ச்சி விடியற்காலை 4 மணிக்குத் தொடங்கி 6 மணிக்கு முடியும். மற்றவர்கள் உறங்கும் அந்த நேரத்து ஒலிபரப்பு மலிவாகக் கிடைத்தது. ஆனால், பழத்தோட்டங்களுக்கும் கட்டுமான வேலைகளுக்கும் போகும் மெக்சிகோத் தொழிலாளர்கள் விளக்கேற்றிக் காப்பி போட்டுக்கொண்டிருந்த நேரமும் அதுதான். அவருடைய குழுவின் பெயர் 'லோஸ் மத்ருகதோரெஸ்'. நம் தோட்டத்துப் பேச்சில் சொன்னால், 'வெள்ளன எழுபவர்கள்'. பாட்டுக்கு நடுவே எங்கே வேலை கிடைக்கும் என்ற அறிவிப்பும் வரும்.

ஐயா, வெள்ளன எழுவது என்றால் என்ன என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெயில் ஏறினால் பட்டையில் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதற்காகத்தான் நம்மவர்கள் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்பு முடிந்து இருட்டோடு மர நிரைக்குள் நுழைந்தார்கள். அங்கே ஆரஞ்சு, இங்கே கித்தா, அதாவது ரப்பர். இரண்டு நாட்டிலும் விடியலுக்கு முந்திய அந்த இரண்டு மணி நேரத்தில் விழித்திருந்தவர்கள் கூலிக்காரர்களே.

1929இல் உலகப் பொருளாதாரம் சரிந்த பிறகு, வேலை இல்லை என்று சொல்லி மெக்சிகோக்காரர்களைக் கூட்டம் கூட்டமாக ரயிலேற்றி எல்லைக்கு அப்பால் அனுப்பினார்கள். அமெரிக்க மண்ணில் பிறந்த குழந்தைகளும் அவர்களோடு போனார்கள். கொன்சாலெஸ் வானொலியில் அதைக் கண்டித்துப் பேசினார். 1934இல் அவர் மீது பாலியல் குற்றச்சாட்டு சுமத்தப்பட்டு, சான் குவெண்டின் சிறையில் அடைக்கப்பட்டார். குற்றம் சுமத்திய பெண்ணே பின்னர் தன் வாக்குமூலத்தை மறுத்தபோதும், அவர் 1940இல்தான் விடுதலையானார். விடுதலையான கையோடு மெக்சிகோவுக்கு நாடு கடத்தப்பட்டார். அங்கே எல்லையோர நகரான திஹுவானாவில் மீண்டும் வானொலியில் பாடினார். அவர் 1995 வரை வாழ்ந்தார். அதே 1930களின் தொடக்கத்தில்தான், ரப்பர் விலை வீழ்ந்ததால் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட நம்மவர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு 1942 முதல் 1964 வரை, 'பிரசேரோ' என்ற ஒப்பந்தத் திட்டத்தின் கீழ் மெக்சிகோ ஆண்கள் அமெரிக்க வயல்களுக்கு அழைக்கப்பட்டார்கள். 'பிரசோ' என்றால் ஸ்பானிஷில் கை. கையால் உழைப்பவர் என்பதுதான் அந்தச் சொல்லின் கருத்து. அந்தக் காலத்தில் கையெழுத்தான ஒப்பந்தங்கள் ஏறத்தாழ 46 இலட்சம். முதல் சில ஆண்டுகளில் கூலியில் பத்தில் ஒரு பங்கைச் சேமிப்பு என்று பிடித்துக்கொண்டார்கள். பலருக்கு அது திரும்பக் கிடைக்கவே இல்லை. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு முகாமில் வரிசைக் கட்டிலில் படுத்த அந்தத் தகப்பன்களிடம் பாட்டு இருந்தது. 'கோரிதோ' என்பது அவர்களுடைய கதைப்பாட்டு. கொள்ளைக்காரன், புரட்சி வீரன், ரயில் விபத்து, எல்லை தாண்டிப் போனவனின் பாடு ஆகிய எல்லாவற்றையும் அது பாடும். மெக்சிகோ நகரத்தில் அத்தகைய பாடல்களை மலிவுத் தாளில் படத்தோடு அச்சிட்டுச் சந்தையில் விற்றார்கள். நம் பாட்டன்மார் மலிவு நூல் விற்ற குஜிலிக் கடையில் வாங்கிய கொலைச் சிந்தும், வெள்ளச் சிந்தும், ரயில் சிந்தும் இதற்கு உடன்பிறப்பு என்றே சொல்லுவேன்.

உங்கள் தகப்பனார் பாடிக் கேட்டதில்லை என்கிறீர்கள். வீட்டில் பாடாதவர்கள் நிரையில் பாடியிருக்கிறார்கள். அவரோடு அடுத்த நிரையில் வெட்டியவர்கள் எவரேனும் இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: மரியாச்சி என்பது நம் நாதஸ்வரம் போன்றதா, உறுமி மேளம் போன்றதா?
– கல்லூரி மாணவர், ஈப்போ

பதில்: மேற்கு மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்துக் கிராமங்களில் வளர்ந்த குழு இசை அது. வயலின், கித்தார், ஐந்து தந்தியுள்ள விவேலா, வயிறு பெருத்த கித்தாரோன் ஆகியவற்றோடு, 20ஆம் நூற்றாண்டில் டிரம்பெட்டும் சேர்ந்துகொண்டது. 2011இல் யுனெஸ்கோ அதனை மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. கருவிகளைப் பார்த்தால் நம் இரண்டுக்கும் அது தொலைவு. பயன்பாட்டைப் பார்த்தால் உறுமி மேளத்துக்கே அருகில் வைப்பேன். ஏனெனில் நாதஸ்வரம் மங்கல காரியத்தோடு நின்றுகொள்கிறது, மரியாச்சியோ ஞானஸ்நானத்துக்கும் வரும், கல்யாணத்துக்கும் வரும், இடுகாட்டுக்கும் வரும்.

கேள்வி: என் பேரப்பிள்ளைகள் வீட்டில் மலாயும் ஆங்கிலமும்தான் பேசுகிறார்கள். தமிழ்ப் பாட்டு மட்டும் பாடுகிறார்கள், அதுவும் பொருள் தெரியாமல். இதனால் பயன் உண்டா, அல்லது இது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதா?
– ஒரு பாட்டி, கோலகங்சார்

பதில்: பயன் உண்டு அம்மா. பெடரிகோவின் பேத்தியைக் கொண்டே இதற்குப் பதில் சொல்கிறேன்.

பெடரிகோவின் மகன்களுள் ஒருவர் கில்பர்ட். கனமான, ஆழ்ந்த குரல் உடையவர். அவர் இசையை முழுநேரத் தொழிலாகக் கொள்ளாமல், தகப்பனார் தொடங்கிய கடையைக் கவனித்தார். வீட்டில் ஸ்பானிஷ் பாடல்களைப் பாடினார். அவருடைய மகள் லிண்டா ரோன்ஸ்டாட், அத்தை லூயிசாவின் நூல் வெளியான அதே 1946இல் பிறந்தவர். அந்த வீட்டில் அன்றாடப் பேச்சு ஆங்கிலம். சிறு வயதில், ஸ்பானிஷ் என்பது பாடுவதற்கான மொழி, ஆங்கிலம் பேசுவதற்கான மொழி என்றே தாங்கள் நினைத்துக்கொண்டிருந்ததாக லிண்டா பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். உங்கள் பேரப்பிள்ளைகளின் நிலை அப்படியே இதுதான் அல்லவா?

லிண்டா 1970களில் ஆங்கிலப் பாடல்களால் அமெரிக்கா முழுவதும் புகழ்பெற்றார். மெக்சிகோப் பாடல்களைப் பதிவு செய்ய விரும்பினார். இசைத்தட்டு வணிகத்தில் இருந்தவர்களுக்கு அது விற்கும் என்ற நம்பிக்கை இல்லை. 1976இல் வெளியான ஓர் ஆங்கில இசைத்தட்டுக்குள் ஒரே ஒரு ஸ்பானிஷ் பாட்டைச் சேர்த்தார். அதை இயற்றியவர்களுள் தந்தை கில்பர்ட்டும் ஒருவர். முழுத் தொகுப்பாகப் பாடுவதற்கு அதற்குப் பிறகும் 11 ஆண்டுகள் ஆயின. 1987இல், ஹலிஸ்கோ மாநிலத்தின் புகழ்பெற்ற 'மரியாச்சி வர்காஸ் தே தெகாலித்லான்' குழுவும் வேறு சில மரியாச்சிக் கலைஞர்களும் வாசிக்க, குழந்தைப் பருவத்திலிருந்து வீட்டில் கேட்டு வளர்ந்த இசையை அவர் பாடி வெளியிட்டார். அத்தை தம் நூலுக்கு இட்ட தலைப்பையே தம் தொகுப்புக்கும் இட்டார்: 'கான்சியோனெஸ் தே மி பாத்ரே'. அமெரிக்காவில் மட்டும் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் விற்றன. கிராமி விருதும் கிடைத்தது. ஸ்பானிஷைச் சரளமாகப் பேசத் தெரியாத ஒருவர் அதைப் பாடினார் என்பதுதான் உங்களுக்கு நான் சொல்ல விரும்பும் செய்தி. ஒலிப்பையும் சொற்பொருளையும் அவர் வளர்ந்த பிறகு உழைத்துச் சீர்படுத்திக்கொண்டார். அதற்கு முன்பே மெட்டு அவருக்குள் இருந்தது. அதைத் தகப்பன் விதைத்திருந்தார்.

மொழி முழுவதும் கைவிட்டுப் போன வீடுகளிலும் தாலாட்டு மிஞ்சியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். எனினும், பாட்டே போதும் என்று இருந்துவிடாதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு வரியை எடுத்துக்கொண்டு, 'இந்தச் சொல்லுக்கு இதுதான் பொருள்' என்று சொல்லிக் கொடுங்கள். பிள்ளைகள் பாடிக்கொண்டிருக்கும்போது சொன்னால் கேட்பார்கள். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னால் எழுந்து போய்விடுவார்கள். ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்ல முடியும்.

நோயினால் குரலை இழந்துவிட்டதை லிண்டா 2013இல் வெளிப்படுத்தினார். அதன் பிறகும், 2019இல், கலிபோர்னியாவைச் சேர்ந்த இளம் கலைஞர் குழு ஒன்றோடு பாட்டனாரின் சொனோராவுக்குப் பயணம் செய்தார். அங்கே அவர் பாடவில்லை. அந்தப் பிள்ளைகள் பாடினார்கள்.

கேள்வி: மூன்று தலைமுறையாக எங்கள் குடும்பம் தவில் வாசிக்கிறது. என் மகன் கீபோர்டும் டிரம்சும்தான் வேண்டும் என்கிறான். வற்புறுத்தலாமா?
– கோயில் வாத்தியக்காரர், சுங்கை சிப்புட்

பதில்: ஹோசே சந்தானா என்ற மரியாச்சி வயலின் கலைஞருக்கும் இதே கவலை இருந்தது. ஹலிஸ்கோவைச் சேர்ந்த அவர், பிழைப்புக்காக திஹுவானாவுக்குப் போனார். 1955இல் குடும்பமும் அங்கே போய்ச் சேர்ந்தது. பிறகு சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிபெயர்ந்தார்கள். மகன் கார்லோசுக்கு ஐந்து வயதிலேயே வயலின் கற்றுக்கொடுத்தார். மகனுக்கு அது ஒட்டவில்லை. எலெக்ட்ரிக் கித்தாரைக் கையில் எடுத்து, 1969இல் அமெரிக்காவின் உட்ஸ்டாக் இசை விழா மேடையில் உலகமே அறியும் கலைஞரானார். ஆயினும், அவருடைய கித்தாரின் நீண்டு இழையும் ஒலியைக் கேட்டால், தந்தி வாத்தியத்தைப் பாட வைக்கத் தெரிந்த ஒருவரின் பிள்ளை அவர் என்பது எனக்குத் தெளிவாகக் கேட்கிறது. வற்புறுத்தாதீர்கள் ஐயா. கீபோர்டு வாங்கிக் கொடுங்கள். சொல்கட்டை மட்டும் வாயால் சொல்லிப் பழகச் செய்யுங்கள். தாளம் உள்ளே இறங்கிவிட்டால், கருவி எதுவானாலும் அது கூடவே வரும்.

கேள்வி: என் அப்பாவுக்கு 84 வயது. கங்காணியோடு கப்பலில் வந்த தாத்தாவிடம் கற்ற ஒரு கப்பல் பாட்டை, மாலையில் குளித்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்து பாடுவார். மூன்றாவது அடியில் நின்றுவிடுகிறார். மேலே நினைவு வரவில்லை. லூயிசா செய்தது போல அப்பாவின் பாட்டுகளை நானும் எழுதி வைக்க வேண்டும் என்று ஆசை. நான் இசை படித்தவள் அல்ல. எப்படித் தொடங்குவது? அப்பாவின் தங்கை ஒருவர் கோலகங்சாரில் இருக்கிறார். அவருக்கும் முழுப்பாட்டு தெரியுமா என்பது ஐயமே.
– வாசகி, லிந்தாங்

பதில்: வந்த கடிதங்களுள் என்னை உறங்கவிடாமல் செய்தது உங்களுடையதுதான் அம்மா. காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் தகப்பனார் பால்மரம் வெட்டியவர். தோட்டத்து நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்தார். நாடகப் பாட்டும், காமன் கூத்துப் பாட்டும், தாமே கட்டிய சில பாடல்களும் ஒரு நீல அட்டை நோட்டில் எழுதி, அதை மைலோ டின்னுக்குள் சுருட்டி வைத்திருந்தார். தோட்டம் கைமாறி, லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீட்டை விட்டு நாங்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தபோது, எனக்குக் கல்லூரித் தேர்வு. கட்டிலும் அலமாரியும் லாரியில் ஏறின. டின் ஏறவில்லை. அப்பா அதை ஒரே ஒரு முறை கேட்டார். தேடித் தருகிறேன் என்றேன். திரும்பிப் போய்ப் பார்த்தபோது லயத்தை இடித்திருந்தார்கள். அதற்குப் பின்னும் அவர் ஒன்பது ஆண்டுகள் இருந்தார். அந்த ஒன்பது ஆண்டுகளில் எந்த மாலையிலும் அவர் எதிரே பேனாவோடு உட்கார்ந்து, 'பாடுங்கள் அப்பா, எழுதிக்கொள்கிறேன்' என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இன்று எனக்கு நினைவிருப்பது ஒன்றரைப் பாட்டு.

ஆகவே, இசை படிக்கவில்லையே என்று தயங்காதீர்கள். மெட்டைக் கைப்பேசி பிடித்துக்கொள்ளும். அது பிடிக்க முடியாதவற்றை நீங்கள் எழுத வேண்டும்: இந்தப் பாட்டை யாரிடம் கற்றார், எந்தத் தோட்டத்தில், எந்த வயதில், எந்த வேளையில் பாடுவார்கள், கூட யார் பாடினார்கள், எந்த அடியில் எல்லோரும் சேர்ந்துகொள்வார்கள். பதிவை ஒரு கைப்பேசியில் மட்டும் வைத்திருக்காமல், வேறோர் இடத்திலும் படி எடுத்து வையுங்கள். தேதியையும் இடத்தையும் பதிவின் தொடக்கத்தில் உங்கள் குரலிலேயே சொல்லிவிடுங்கள்.

சொல்லைத் திருத்தாதீர்கள். தோட்டப் பாட்டில் மலாய்ச் சொல் வரும், துரைமாரிடம் கேட்ட ஆங்கிலச் சொல் உருமாறி வரும், இன்றைய காதுக்குக் கொச்சையாகப் படும் வசையும் வரும். 'கித்தா' என்று பாடினால் 'ரப்பர்' என்று எழுதக் கூடாது. அந்தச் சொல்லில்தான் உங்கள் தாத்தா இந்த மண்ணில் கால் வைத்து வேலை பழகிய காலம் இருக்கிறது. மறந்த அடியை நாமாக இட்டு நிரப்புவது அதைவிடப் பெரிய பிழை. புள்ளி வைத்து இடம் விட்டுவிடுங்கள். பல நாள் கழித்து அந்தச் சொல் தானாக வரக்கூடும்.

முதியவர்களை நாற்காலியில் உட்கார வைத்து 'பாடுங்கள்' என்றால் பாட்டு வருவதில்லை. கை வேலையில் இருக்கும்போது வரும். தாலாட்டு வேண்டுமென்றால் தூளியில் ஒரு குழந்தை இருக்க வேண்டும். ஒப்பாரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்: அதை வாழும் வீட்டுக்குள் பாட மாட்டேன் என்று பெரியவர்கள் மறுப்பார்கள். அது மூடநம்பிக்கை என்று வாதாடாதீர்கள். வீட்டுக்கு வெளியே, அவர்கள் சொல்லும் இடத்தில், அவர்கள் சொல்லும் நாளில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கப்பல் பாட்டைப் பற்றி ஒரு சொல். நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் பினாங்குக்கு ஓடிய கப்பல்களின் பெயர்கள் நம் முதியவர்களின் பேச்சில் இன்னும் வருகின்றன. ரஜூலாவைச் சொல்லாத வீடு குறைவு. பினாங்குக்கு அருகில் ஜெரெஜாக் தீவில் நோய்த் தடுப்புக்காக வந்தவர்களை இறக்கி அடைத்து வைத்ததையும் சொல்வார்கள். அப்பா நின்றுவிடும் மூன்றாவது அடியில் கப்பல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கடலில் இருந்தால், அடுத்து வருவது கரையாக இருக்கலாம். அப்பாவிடம் பாட்டின் சொல்லைக் கேட்காமல், 'தாத்தா எங்கே இறங்கினார்? யார் வந்து கூட்டிப் போனார்கள்?' என்று கதையாகக் கேட்டுப் பாருங்கள். கதை ஓடினால் அடி தொடர்வது உண்டு.

அத்தைக்கு முழுப்பாட்டு தெரியாமல் இருக்கலாம். ஆனால் இருவர் சேர்ந்து உட்கார்ந்தால், ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் எடுப்பார். அண்ணனும் தங்கையும் ஒரே லயத்தில் ஒரே வாயிலிருந்து கேட்ட பாட்டு அது. கோலகங்சார் உங்களுக்கு அரை நாள் பயணம்கூட இல்லை. வரும் ஞாயிற்றுக்கிழமையே அப்பாவை அழைத்துக்கொண்டு போங்கள். பேனாவையும் நோட்டையும் மறக்காதீர்கள். மாலை வரை இருந்து, அவர் குளித்துவிட்டு வந்து உட்காரும் நேரத்தில் அத்தையையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.